குவாண்டம் புள்ளி லேசரைச் சூடாக்கினால் த்ரெஷோல்ட் ஏன் ஏறுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. குவாண்டம் புள்ளி லேசர் (எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நானோமீட்டர் அளவுப் படிகத் திட்டுகளிலிருந்து ஒளி தரும் லேசர்) வெப்பநிலைக்கு அசைந்து கொடுக்காது என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆனால் கையில் இருக்கும் 1.3 மைக்ரோமீட்டர் லேசரை 20, 40, 60, 80 டிகிரி செல்சியஸில் வைத்து அளந்தால் த்ரெஷோல்ட் மின்னோட்டம் (லேசர் எரியத் தொடங்கத் தேவையான மின்னோட்டம்) 32, 40, 53, 74 மில்லிஆம்பியர் என்று ஏறிக்கொண்டே போகிறது. இதற்குக் காரணம் ஒளி தரும் மறுஇணைவா, ஓஜே மறுஇணைவா என்பது கேள்வி. மறுஇணைவு என்றால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) ஜோடி சேர்வது; ஓஜேயில் அந்த ஆற்றல் ஒளியாகாமல் போய்விடும். கூடவே, சூடாக்கினால் த்ரெஷோல்ட் குறைந்தது என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன், அது அச்சுப்பிழையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அச்சுப்பிழை இல்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்காமல் கேட்டது, பாடம் தப்பா, என் சாம்பிள் மட்டமா என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டும் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி: நான் காரைக்குடி பக்கம் கோட்டையூர். பதினான்கு வருடம் லேசர் சிப்புகளைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். அளப்பது என் கைவேலை, படிகம் வளர்ப்பது இல்லை. அதனால் வளர்ப்பைப் பற்றி இங்கே சொல்வது படித்த அறிவு, அளவீட்டைப் பற்றிச் சொல்வது பட்ட அறிவு என்று பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1982-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அரகாவாவும் சகாகியும் ஒரு கணக்குப் போட்டார்கள். எலக்ட்ரானை மூன்று திசையிலும் அடைத்துவிட்டால் அதற்குத் தொடர்ச்சியான ஆற்றல் பட்டை கிடையாது, அணுவுக்கு இருப்பது போலத் தனித்தனி மட்டங்கள்தான் உண்டு. சாதாரண லேசரில் வெப்பநிலை ஏறினால் எலக்ட்ரான்கள் பட்டைக்குள் மேலே பரவிவிடும், லேசருக்கு வேண்டிய ஆற்றலில் ஆள் குறைந்துவிடும், அதை ஈடுகட்ட இன்னும் மின்னோட்டம் ஊற்ற வேண்டும். தனி மட்டங்கள் மட்டும் இருந்தால் பரவ இடமே இல்லை, அதனால் த்ரெஷோல்ட் வெப்பநிலையைச் சாராது. டி-நாட் என்று சொல்கிறோமே, த்ரெஷோல்ட் சூட்டுக்கு எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பதற்கான அளவு (பெரிதானால் அசைவு குறைவு), அது முடிவிலி ஆகிவிடும். கணக்கில் தப்பே கிடையாது. ஆனால் அது எந்த லேசருக்கான கணக்கு என்று பாருங்கள்: எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே மட்டம், உள்ளே போன எலக்ட்ரான் வெளியே வரவே வராது. அப்படி ஒரு லேசரை இன்றுவரை யாரும் செய்ததில்லை. 1994-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் இயோஃபே நிறுவனமும் சேர்ந்து முதல் புள்ளி லேசரைக் காட்டியபோதே, தாழ்ந்த வெப்பநிலையில் ஒரு மாதிரியும் அறை வெப்பநிலையை நெருங்கும்போது வேறு மாதிரியும் அது நடந்துகொண்டது.

உங்கள் எண்களை டி-நாட் ஆக மாற்றிப் பார்த்தேன். 20-லிருந்து 80 வரை மொத்தமாக எடுத்தால் சுமார் 72 கெல்வின். துண்டு துண்டாக எடுத்தால் 20–40-ல் 90, 40–60-ல் 71, 60–80-ல் 60. இந்த இறக்கம்தான் உங்கள் தரவிலேயே எனக்குச் சுவையான பகுதி, ஏனென்றால் ஒரே ஒரு நிகழ்வு அடுக்குக்குறி விதிப்படி நடந்திருந்தால் மூன்று துண்டிலும் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை. அப்படியானால் டி-நாட் உங்கள் லேசரின் 'குணம்' இல்லை, பல நிகழ்வுகள் கலந்த ஒரு வளைவின் அந்த இடத்துச் சரிவு மட்டுமே. இதை மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, பட்டியலில் எழுத ஒரு எண் கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது ஒளி தரும் மறுஇணைவைப் பிடிப்போம். ஒரு நல்ல குவாண்டம் கிணறு லேசரில் (எலக்ட்ரானை ஒரு திசையில் மட்டும் அடைக்கும் மெல்லிய படல லேசர்) அந்தப் பங்கு ஏறத்தாழ தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும். 293 கெல்வினிலிருந்து 353 கெல்வினுக்குப் போனால் இருபது சதவீதம், அவ்வளவுதான். புள்ளிக்குள் அடைபட்ட ஜோடிக்கு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உங்களுடையது 2.3 மடங்கு ஏறியிருக்கிறது. ஆகவே புள்ளிகளின் அடிமட்டத்தில் நடக்கும் ஒளி தரும் மறுஇணைவு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. இது உறுதி. கூடுதல் மின்னோட்டம் வேறு எங்கோ போகிறது. எங்கே என்பதில்தான் உறுதியும் சந்தேகமும் கலந்து கிடக்கின்றன.

எங்கள் ஊரில் புள்ளி என்றால் வேறு அர்த்தம். நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒரு ஜோடிக்குத்தான் புள்ளி என்று பெயர், கோயில் வரியெல்லாம் புள்ளிக் கணக்கில்தான். செட்டிநாட்டு வீட்டில் நடுவே திறந்த வளவு, அதைச் சுற்றிப் புள்ளிக்கு ஓர் அறை. இந்த வேலைக்கு வந்த புதிதில் குவாண்டம் புள்ளியை யாராவது விளக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் மனதில் ஓடும், இன்னும் ஓடுகிறது. அறைக்குள் ஓர் எலக்ட்ரானும் ஒரு துளையும் சேர்ந்தால் ஒளி. வளவு என்பது புள்ளிகளுக்கு அடியில் விரிந்து கிடக்கும் ஈரப்படலம், அதாவது புள்ளி முளைப்பதற்கு முன் படிந்த மெல்லிய இண்டியம் ஆர்சனைடு அடுக்கு. அதற்கும் வெளியே முகப்பு, தெரு எல்லாம் காலியம் ஆர்சனைடு. சித்திரை மாதத்து ராத்திரியில் அறைக்குள் யார் படுப்பார்கள்? பாயைச் சுருட்டிக்கொண்டு வளவுக்கு வந்துவிடுவார்கள். எலக்ட்ரானும் அப்படித்தான். அடிமட்டத்திலிருந்து ஒரே தாவலில் வெளியே குதிப்பது கஷ்டம், ஆனால் மேல்மட்டங்கள் படிக்கட்டு மாதிரி இருக்கின்றன, ஒவ்வொன்றாக ஏறி வந்துவிடும். வளவுக்கு வந்தவர்கள் அங்கேயே ஜோடி சேர்ந்தால் ஒளி வந்தாலும் அது லேசருக்கு உதவாத நிறம். இல்லை என்றால் அங்கும் இங்கும் அலைந்து ஏதாவது ஒரு படிகக் குறையில் விழுந்து வெப்பமாகப் போய்விடுவார்கள். அஸ்ரியனும் சூரிஸும் 1990-களில் போட்ட கோட்பாடு இந்த வெளிக்கசிவைத்தான் வெப்பநிலைச் சார்புக்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறது.

இதில் எலக்ட்ரானும் துளையும் ஒரே மாதிரி இல்லை, இதுதான் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பெரிய விஷயம். எலக்ட்ரானின் அடிமட்டத்துக்கும் அடுத்த மட்டத்துக்கும் இடைவெளி 60 முதல் 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் சுமார் 25, எண்பது டிகிரியில் 30. ஆக எலக்ட்ரான் ஓரளவு கீழேயே இருக்கும். துளை கனமானது, அதன் மட்டங்கள் திண்ணைப் படி மாதிரி தாழ்ந்தும் நெருங்கியும் இருக்கின்றன, இடைவெளி பத்துக்குப் பக்கம்தான். அறை வெப்பநிலையிலேயே துளைகள் நாலைந்து படிகளில் பரவி உட்கார்ந்துவிடும். அடிமட்டத்தில் எலக்ட்ரான் காத்திருக்கும், ஜோடி சேரத் துளை இருக்காது. அதற்காக இன்னும் ஆட்களை உள்ளே தள்ள வேண்டும், சூடு ஏற ஏற இன்னும் அதிகமாக. 'தனி மட்டம், பரவ இடமில்லை' என்ற 1982 வாதம் துளைப் பக்கத்தில்தான் முதலில் உடைகிறது.

இங்கேதான் ஓஜே உள்ளே வருகிறது. ஓர் எலக்ட்ரானும் துளையும் சேர்கின்றன, ஆனால் கிடைத்த ஆற்றலை ஒளியாக விடாமல் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது ஆளிடம் கொடுத்து அவனை உயரத் தூக்கி எறிகின்றன. மூன்று பேர் வேண்டும் என்பதால் இதன் வேகம் ஏறத்தாழ அடர்த்தியின் மும்மடிப்படி ஏறும். பட்டை இடைவெளி, அதாவது ஜோடி சேரும்போது கிடைக்கும் ஆற்றல், சின்னதாக ஆக ஆக (அலைநீளம் நீள நீள) இது பலமாகும். அதனால்தான் 980 நானோமீட்டர் புள்ளி லேசர்களில் இது பெரிய தலைவலி இல்லை, 1.3 மைக்ரோமீட்டரில் ஆகிறது. இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. சர்ரே பல்கலைக்கழகக் குழு 2000-களின் தொடக்கத்தில் லேசரை நீர்ம அழுத்தத்தில் வைத்து அளந்தது. அழுத்தினால் பட்டை இடைவெளி கூடும், ஓஜே குறையும், ஒளி தரும் பங்கு கூடும், ஆகவே த்ரெஷோல்ட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அழகான சோதனை, சூடாக்கி மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாததை இது பிரிக்கிறது. 1.3 மைக்ரோமீட்டரில் அறை வெப்பநிலைக்கு வரும்போது ஓஜேக்குப் பெரிய பங்கு என்பது அங்கே தெரிந்தது.

ஆனால் 'சூட்டால் ஓஜே கூடியது' என்று எழுதிவிடாதீர்கள். சாதாரணப் படிகத்தில் ஓஜே நடக்க ஆற்றலும் உந்தமும் இரண்டும் சமப்பட வேண்டும், அதனால் அதற்கு ஒரு வெப்பத் தடை உண்டு, சூடானால் தடை தாண்டுவது எளிது. புள்ளிக்குள் உந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது, அந்தத் தடையும் அவ்வளவாக இல்லை. பிறகு ஏன் ஏறுகிறது? துளைகள் பரவியதால் த்ரெஷோல்டுக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையே கூடிவிட்டது, அந்தக் கூடுதலை மும்மடி ஆக்கிப் பெரிதாக்குவது ஓஜே. இருபது சதவீதம் ஆள் கூடினால் எழுபத்து மூன்று சதவீதம் ஓஜே. ஆக முதல் குற்றவாளி பரவல், ஓஜே அவனுடைய கூட்டாளி என்பது என் வாசிப்பு. துறையில் எல்லோரும் இதை ஏற்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கசிவுதான் முக்கியம் என்கிற அணியும் ஓஜேதான் முக்கியம் என்கிற அணியும் இன்னும் இருக்கின்றன. புள்ளிக்குள் ஓஜே குணகம் தானே வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்பதும் தீராத வாதம். பொருளுக்குப் பொருள், வடிவமைப்புக்கு வடிவமைப்பு பதில் மாறுவதால் இரண்டு அணியும் அவரவர் சாம்பிளில் சரியாகக்கூட இருக்கலாம்.

இனி அந்த 'அச்சுப்பிழை'. புள்ளிகளை அச்சில் வார்ப்பதில்லை. காலியம் ஆர்சனைடின் மேல் இண்டியம் ஆர்சனைடைப் படிய விட்டால் இரண்டின் அணு இடைவெளியும் சுமார் ஏழு சதவீதம் ஒத்துப்போகாததால், ஒன்றே முக்கால் அணு அடுக்கு வந்ததும் படலம் தாங்காமல் தானே திட்டுத் திட்டாகக் கூடிவிடுகிறது. குழிப்பணியாரம் இல்லை இது, எண்ணெயில் கரண்டியால் ஊற்றுகிற வெள்ளைப் பணியாரம். ஒன்று போல ஒன்று வராது, ஆச்சிமார் கைக்கு வேண்டுமானால் வரலாம். அளவு மாறினால் ஆற்றல் மாறும், ஆகவே ஒரு சிப்பில் இருக்கும் புள்ளிகளின் ஆற்றல் 30, 40 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குச் சிதறிக் கிடக்கும். நல்ல குளிரில், 100 கெல்வினுக்குக் கீழே என்று வையுங்கள், ஓர் எலக்ட்ரான் எந்த அறையில் விழுந்ததோ அங்கேயே உறைந்துவிடும், வளவுக்கு வர அதற்குத் தெம்பு இல்லை. சின்னப் புள்ளி, பெரிய புள்ளி என்ற பேதமில்லாமல் எல்லாம் நிரம்பும், லேசர் நிறத்துக்குப் பொருந்தாத அறைகளில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் வீண். கொஞ்சம் சூடாக்கினால் வெளியே வந்து, மாறி, ஆற்றல் குறைந்த பெரிய புள்ளிகளில் போய்ச் சேர்வார்கள். லேசருக்கு உதவும் கூட்டம் கூடும், த்ரெஷோல்ட் இறங்கும். டோப் செய்யாத (வேண்டுமென்றே வேற்று அணு கலக்காத) லேசர்களில் இந்த இறக்கம் 200 கெல்வின் வாக்கில் முடிந்து, அதற்கு மேல் உங்களுக்கு வந்த ஏற்றம் தொடங்கும். நீங்கள் படித்த கட்டுரை இந்தப் பள்ளத்தின் இடப்பக்கத்தில் அளந்திருக்கும், நீங்கள் வலப்பக்கத்தில் நிற்கிறீர்கள். வளவு உவமை இதுவரைதான் தாங்கும். புள்ளிக்குள் எலக்ட்ரானும் துளையும் வேறு வேறு வேகத்தில் வந்து போவதை அது காட்டாது.

பி-டோப்பிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து உங்கள் வழிகாட்டி அதைத்தான் கேட்பார். துளை போதவில்லை என்றால் முன்கூட்டியே துளைகளைக் கொட்டி வைத்துவிடலாமே என்பது யோசனை. ஷ்செகினும் டெப்பும் 2002-ல் இதைச் செய்து 1.3 மைக்ரோமீட்டர் லேசரில் 0 முதல் 80 டிகிரி வரை டி-நாட் 161 கெல்வின் காட்டினார்கள். பிறகு அறை வெப்பநிலையைச் சுற்றி டி-நாட் முடிவிலி என்றே வேறு குழுக்கள் காட்டின. பார்க்கக் கனவு நனவானது போல இருக்கும். என் கருத்து கொஞ்சம் கசப்பு. டோப் செய்த லேசரில் மேலே சொன்ன பள்ளம் 200 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலைக்கே நகர்ந்து வந்துவிடுகிறது. பள்ளத்தின் அடியில் சரிவு பூஜ்யம், சரிவு பூஜ்யம் என்றால் டி-நாட் முடிவிலி. இறங்கும் ஒரு பங்கும் ஏறும் ஒரு பங்கும் அந்த இடத்தில் சமமாக நின்று ஒன்றை ஒன்று மறைக்கின்றன, அவ்வளவுதான். 1982-ல் சொன்ன முடிவிலிக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. அதோடு துளைகள் நிறைந்திருப்பதால் ஓஜேயும் உள் இழப்பும் (சிப்புக்குள்ளேயே ஒளி உறிஞ்சப்படுவது) கூடி, த்ரெஷோல்டே மொத்தத்தில் உயர்ந்துவிடும். பொறியாளருக்கு இதில் குறையில்லை, குளிரூட்டி இல்லாமல் ஓடினால் அவருக்குப் போதும். 2011-ல் ஜப்பானில் புள்ளி லேசரை 220 டிகிரி செல்சியஸில் தொடர்ச்சியாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இயற்பியல் மாணவருக்குத்தான் அந்த முடிவிலி ஏமாற்று.

உங்கள் சாம்பிளில் எது எவ்வளவு என்பதை நாலு எண்ணை வைத்துக்கொண்டு இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதல் வேலை, தொடர் மின்னோட்டத்திலா துடிப்பிலா அளந்தீர்கள் என்று பாருங்கள். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒருமுறை மூன்று வாரம் ஓஜே, ஓஜே என்று வரைபடம் போட்டுவிட்டு, கடைசியில் பார்த்தால் சிப்புக்கு அடியில் நான் வைத்த இண்டியம் சோல்டர் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை. தெர்மிஸ்டர் தாங்கியின் வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டிருந்தது, சிப் அதைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தது. 100 மில்லிஆம்பியரில் 1.5 வோல்ட் என்றால் 0.15 வாட், ஒரு வாட்டுக்கு நூறு டிகிரி வெப்பத்தடை இருந்தால் பதினைந்து டிகிரி ஆகிறது, கணக்கு அவ்வளவு எளிது, அதைத்தான் போடாமல் விட்டேன். அரை மைக்ரோ நொடித் துடிப்பு, நொடிக்குப் பத்தாயிரம் முறை என்று வைத்தால் சுய சூடு பெரும்பாலும் ஒழிந்துவிடும். உங்கள் டி-நாட் மேலே போகப் போகக் குறைவதில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

அப்புறம், சிப்பின் பக்கவாட்டிலோ அடித் தகட்டில் ஒரு சின்ன ஜன்னல் திறந்தோ லேசர் ஆகாத தன்னியல்பு ஒளியை எடுங்கள். அதன் செறிவு அடர்த்தியின் இருமடிப்படி போகும் என்று கொண்டால், த்ரெஷோல்டுக்குக் கீழே மின்னோட்டத்தை அந்த ஒளிச் செறிவின் வர்க்கமூலத்தோடு மடக்கை அச்சில் வரைந்து சரிவைப் பார்க்கலாம். ஒன்றுக்குப் பக்கம் என்றால் படிகக் குறை, இரண்டு என்றால் ஒளி, மூன்றை நோக்கி ஏறினால் ஓஜே. இதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நாட்டு வைத்தியம் மாதிரி ஒரு கைமுறை. புள்ளியில் எலக்ட்ரானும் துளையும் தனித்தனியே நிரம்பினால் ஒளி இருமடிப்படி போகாது, கசிவும் சில சமயம் மூன்று மாதிரியே வேஷம் போடும். 20 டிகிரியில் என்ன சரிவு, 80-ல் என்ன சரிவு என்ற மாற்றத்தைத்தான் நம்ப வேண்டும், தனி எண்ணை இல்லை. நீளம் கூடிய சிப் கிடைத்தால் அதையும் அளந்துவிடுங்கள். நீளமானால் கண்ணாடி இழப்பு (சிப்பின் இரு முனைகள் வழியே ஒளி வெளியேறுவதன் பங்கு) குறையும், புள்ளிகளை அவ்வளவு நிரப்ப வேண்டியதில்லை, டி-நாட் கூடும்.

கடைசியாக ஒன்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது: 80 டிகிரியில் லேசர் எந்த அலைநீளத்தில் எரிகிறது? சிப் குட்டையாக இருந்தால் அடிமட்டத்தால் தாங்க முடியாமல் மேல்மட்டத்துக்குத் தாவிவிடும், அப்போது உங்கள் நாலாவது அளவீடு வேறொரு லேசரின் த்ரெஷோல்ட், மற்ற மூன்றோடு சேர்த்துக் கோடு போடவே கூடாது. அந்த நிறமாலையை எடுத்து இங்கேயே போடுங்கள். 1,300-க்குப் பதிலாக 1,210 நானோமீட்டர் பக்கம் கூர் தெரிந்தால், மேலே உங்கள் எண்களைப் பற்றிச் சொன்னதில் பாதியை நான் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.